வாசகர் கேள்வி – பதில்: காசிரங்காவுக்கு வெள்ளம் வேண்டுமா?

கேள்வி: அசாம் மாநிலத்தின் காசிரங்கா காட்டில் காண்டாமிருகங்களும் மான்களும் வெள்ளத்தில் மடிவதாக ஆண்டுதோறும் ஆனி, ஆடி மாதங்களில் செய்தி வருகிறது. பிரம்மபுத்திராவுக்குக் கரை கட்டி அந்த உயிர்களைக் காப்பாற்றக் கூடாதா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: மனம் பதைத்துக் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் வெள்ளத்தை முற்றிலும் தடுத்துவிட்டால் இன்று நாம் அறிந்த காசிரங்கா நாளடைவில் இல்லாமல் போய்விடும். அந்தக் காடு பிரம்மபுத்திராவின் தென்கரையில், ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டலின் மேல் உருவானது. ஆள் உயரத்தையும் மிஞ்சி வளரும் யானைப்புல், இடையிடையே இலவ மரங்கள், 'பீல்' என்று அசாமியர் அழைக்கும் ஏரிகள் ஆகிய மூன்றும் சேர்ந்ததே அதன் நிலம். வெள்ளம் வரும்போது பீல்கள் நிரம்புகின்றன. ஆற்று மீன்கள் அவற்றுக்குள் ஏறி வந்து முட்டையிடுகின்றன. நீர்ப்பரப்பை மூடிக் கிடக்கும் ஆகாயத்தாமரை அடித்துச் செல்லப்படுகிறது. புது வண்டலில் புல் மீண்டும் தழைக்கிறது. வெள்ளம் வராத புல்வெளியில் மெல்ல மெல்லப் புதரும் மரமும் ஏறிவிடும். அப்போது புல்லை நம்பி வாழும் ஒற்றைக்கொம்பன் காண்டாமிருகத்துக்கும், காட்டு நீரெருமைக்கும், சதுப்புநில மானுக்கும் மேய்ச்சல் சுருங்கிப்போகும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விரல்விட்டு எண்ணும் நிலையில் இருந்த காண்டாமிருகங்கள், 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 2,613 ஆகப் பெருகியிருந்தன. வேட்டையைத் தடுத்த காவலர்களின் உழைப்போடு, ஆண்டுதோறும் வந்து போகும் வெள்ளத்துக்கும் இதில் பங்கு உண்டு.

கேள்வி: அப்படியானால் விலங்குகள் சாவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டியதுதானா?
– வாசகர், மதுரை

பதில்: இல்லவே இல்லை. தண்ணீர் ஏறும்போது எங்கே போக வேண்டும் என்பது அந்த விலங்குகளுக்குத் தெரியும். தெற்கே இருக்கும் கார்பி ஆங்லாங் மலைகள்தாம் அவற்றின் மேட்டுநிலம். ஆனால் காட்டுக்கும் மலைக்கும் நடுவே தேசிய நெடுஞ்சாலை ஓடுகிறது. அதன் ஓரங்களில் விடுதிகளும் கடைகளும் ஊர்களும் நெருங்கி வளர்ந்துவிட்டன. என் கருத்தில், வெள்ளத்தைவிடக் கவலைப்பட வேண்டியது அடைபட்டுப்போன இந்த வழியைப் பற்றித்தான்.

வெள்ளக் காலத்தில் அந்தச் சாலையில் நுழையும் வண்டி ஒவ்வொன்றையும் வனத்துறையினர் நிறுத்தி, நுழைந்த நேரத்தை ஒரு சீட்டில் எழுதிக் கொடுக்கிறார்கள். மறுமுனையில் அந்தச் சீட்டை வாங்கிப் பார்த்து, மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி வந்தது தெரிந்தால் அபராதம் விதிக்கிறார்கள். அத்தனை கெடுபிடிக்குப் பிறகும் இரவில் சாலையைக் கடக்கும் மான்கள் அடிபடுகின்றன. வெள்ளத்தில் மிகுதியாக மடிபவையும் பன்றிமான் எனப்படும் சிறிய மான்களே.

காட்டுக்குள்ளேயே நூற்றுக்கும் மேற்பட்ட மண்மேடுகள் எழுப்பப்பட்டுள்ளன. பெருவெள்ளத்தில் அவை ஒதுங்க இடம் தருகின்றன என்றாலும் மலைக்கு ஈடாக மாட்டா. தாயைப் பிரிந்து தவிக்கும் கன்றுகளைப் படகில் மீட்டு, 2002இல் தொடங்கப்பட்ட மறுவாழ்வு மையத்தில் புட்டிப்பால் ஊட்டி வளர்க்கிறார்கள். அப்படி வளர்ந்த காண்டாமிருகங்கள் சில மானஸ் காட்டில் விடப்பட்டிருக்கின்றன. விலங்குகள் கடக்கும் ஒன்பது வழித்தடங்களில் தனியார் கட்டடம் எழுப்பக் கூடாது என்று 2019இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. கார்பி மலையிலிருந்து இறங்கும் ஓடைகளின் நீர்ப்பிடிப்பில் சுரங்கம் தோண்டவும் தடை விதித்தது. 34 கிலோமீட்டருக்கும் மேலான உயர்மட்டச் சாலைக்கு 2025 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்திருக்கிறது. அது முடிந்தால் வண்டிகள் மேலே போகும், விலங்குகள் கீழே நடக்கும். ஆனால் வழித்தடத்தின் இரு முனைகளிலும் நிலம் திறந்தே இருந்தால்தான் அந்தப் பாலத்தால் பயன் உண்டு. கீழே புதிய விடுதி முளைத்துவிட்டால் யானை எந்த வழியாகப் போகும்?

கேள்வி: காசிரங்காவைப் பார்க்க ஏற்ற காலம் எது?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: மழைக்காலத்தில் பூங்கா மூடியிருக்கும். நவம்பர் முதல் ஏப்ரல் வரை போகலாம். பழைய புல்லை வனத்துறை எரித்த பிறகு, பிப்ரவரி, மார்ச் மாதங்களில், காண்டாமிருகங்கள் தொலைவிலிருந்தே தெரியும். பறவைகளை விரும்புவோர் கிழக்கே அகராதோலி சரகத்துக்குப் போவது நல்லது. கூழைக்கடாக்களையும் வலசை வரும் வாத்துகளையும் அங்குள்ள பீல் கரையில் நின்று நிதானமாகப் பார்க்கலாம்.