சட்டமன்றக் குழுக்கள் அரசின் செலவையும் ஒப்பந்தங்களையும் உண்மையிலேயே தட்டிக் கேட்கின்றனவா?

கேள்வி கேட்டவர் ஏதோ ஒரு சி.ஏ.ஜி. (இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர்) அறிக்கை பற்றிய செய்தியைப் படித்துவிட்டு, "இத்தனை கோடி வீண் என்று எழுதுகிறார்கள், பிறகு ஒன்றுமே நடப்பதில்லையே" என்ற எரிச்சலில் கேட்டிருக்கிறார் என்று எடுத்துக்கொள்கிறேன். குரூப் தேர்வுக்குப் படிப்பவராக இருந்தால் மன்னிக்கவும், இந்தப் பதிலுக்கு மதிப்பெண் விழாது.

நான் பாசனக் கால்வாய்களைப் பராமரிக்கும் ஒரு கோட்ட அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். பணிக்காலத்தின் கடைசிப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் எனக்கு வாய்த்த வேலை, தணிக்கைத் தடைகளுக்கு, அதாவது தணிக்கையாளர்கள் எழுப்பும் ஆட்சேபங்களுக்கு, பதில் எழுதுவது. ஊர், பெயர், ஆண்டு எதையும் சொல்ல மாட்டேன். அப்படியானால் இது கதைதானே என்பவர்கள் கதையாகவே வைத்துக்கொள்ளட்டும். எனக்கு ஓய்வூதியம் வந்துகொண்டிருக்கிறது, அது நிற்க வேண்டாம்.

சட்டமன்றத்தில் எழுந்து நின்று பேசுவதுதான் கண்காணிப்பு என்று பலர் நினைக்கிறார்கள். மானியக் கோரிக்கை விவாதத்தில் பேசப்படுவதில் பாதி தொகுதிக்குப் பாலம், மீதிப் பாதி தலைவர் புகழ். கணக்கு கேட்கப்படும் இடம் வேறு. சென்னை மெட்ரோவில் ஏ.ஜி. - டி.எம்.எஸ். என்று ஒரு நிலையம் இருக்கிறதே, அந்த ஏ.ஜி., அதாவது மாநிலக் கணக்காயர், அலுவலகத்தில்தான் எல்லாம் தொடங்குகிறது. அங்கிருந்து மூன்று நான்கு பேர் கோட்டத்துக்கு வருவார்கள். கோப்புகளைப் புரட்டிவிட்டு 'ஹாஃப் மார்ஜின்' கொடுப்பார்கள். தாளின் இடது பாதியில் அவர்கள் கேள்வி, வலது பாதியில் நம் பதில். சமாளித்துவிட்டால் அங்கேயே தீர்ந்தது. இல்லையென்றால் ஆய்வறிக்கையில் ஒரு பத்தியாக ஏறும். விஷயம் பெரிதென்றால் துறைச் செயலாளருக்கு வரைவுப் பத்தி போகும், அதையும் தாண்டினால் சி.ஏ.ஜி. அறிக்கை. அரசியல் சாசனத்தின் 151ஆவது பிரிவுப்படி அந்த அறிக்கை ஆளுநரிடம் போய், அவர் வழியாகச் சட்டமன்றத்தில் வைக்கப்பட வேண்டும். எத்தனை நாளுக்குள் என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. தில்லி முழு மாநிலம் இல்லைதான், ஆனாலும் உதாரணத்துக்குச் சொல்கிறேன்: 2025 பிப்ரவரியில் ஆட்சி மாறிய பிறகுதான் அங்கே பழைய தணிக்கை அறிக்கைகள் வரிசையாக அவைக்கு வந்தன. அவையில் வைத்த பிறகு அறிக்கை, சட்டமன்ற உறுப்பினர்கள் அடங்கிய பொதுக் கணக்குக் குழுவுக்குப் போகும்.  குழுவின் முன் நின்று பதில் சொல்வது அமைச்சர் இல்லை, செயலாளர்தான். செயலாளருக்குப் பின்னால் தலைமைப் பொறியாளர், அவருக்குப் பின்னால் கோப்பைத் தூக்கிக்கொண்டு என்னைப் போல ஒருவன்.

இனி என் விவகாரம்.

ஒரு கால்வாயைத் தூர்வார வேண்டும். மொத்தமாக மதிப்பீடு போட்டால் மேலே போக வேண்டும் என்பதால் நான்கு துண்டாகப் போட்டார்கள். ஒவ்வொன்றும் கோட்ட அளவிலேயே முடிந்துவிடும் தொகை. தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998இல் வந்தது, விதிகள் 2000இல். 2 கோடி ரூபாய் வரையிலான ஒப்பந்தப்புள்ளிக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேல் 30 நாள் அவகாசம் தர வேண்டும் என்பது விதி. மேலதிகாரி காரணத்தை எழுத்தில் பதிந்து குறைக்கலாம். எங்கள் கோப்பில் குறைத்திருந்தார்கள். பதிந்த காரணம், 'பாசனத்துக்குத் தண்ணீர் திறக்கும் நாள் நெருங்கிவிட்டது.' நான்கு துண்டும் ஒரே ஒப்பந்ததாரருக்குப் போனது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

தணிக்கைக்கு வந்த குழுவில் ஓர் அம்மையார் இருந்தார். தேநீர்கூட வாங்கிக்கொள்ள மாட்டார், வீட்டிலிருந்து பிளாஸ்கில் கொண்டுவருவார். இரண்டு நாள் எம் புக்கை, அதாவது முடித்த வேலையை அளந்து குறிக்கும் அளவுப் புத்தகத்தை, வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் காலை, "கேஜ் பதிவேடு இருக்கிறதா?" என்றார். மதகில் தினமும் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்று லஸ்கர், அதாவது கால்வாயைக் காவல் பார்க்கும் கடைநிலை ஊழியர், குறித்துவைக்கும் நோட்டு அது. தணிக்கைக்கு யாரும் அதைக் கேட்டதே இல்லை. லஸ்கர் உரச்சாக்குத் தாளில் சுற்றிவைத்திருந்த நோட்டை எடுத்துவந்து பெருமையாகக் கொடுத்தார். பாவம், அவர் நாள் தவறாமல் எழுதியிருந்தார்.

சற்று நேரத்தில் என் மேசைக்கு ஹாஃப் மார்ஜின் வந்தது. இரண்டே வரி. மூன்றாவது துண்டில் அளவெடுத்ததாக எம் புக்கில் குறித்திருக்கும் நாளில், கேஜ் பதிவேட்டின்படி கால்வாயில் 4 அடி 2 அங்குலம் தண்ணீர் ஓடுகிறது. தூர்வாரிய ஆழத்தை எப்படி அளந்தீர்கள்?

வலது பாதியில் பதில் எழுதியவன் நான்தான். 'தேதி எழுத்துப் பிழையால் தவறாகக் குறிக்கப்பட்டுள்ளது.' அலுவலர் சொன்னார், எழுதினேன். அப்போதே ஏன் வாய் திறக்கவில்லை என்று கேட்கும் நல்லவர்கள் ஒரு கோட்ட அலுவலகத்தில் ஆறு மாதம் வேலை பார்த்துவிட்டு வந்து கேட்கட்டும். நியாயம் என்று நான் சொல்லவில்லை. நடந்தது அதுதான். அந்த அம்மையார் பதிலைப் படித்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. எம் புக்கில் தேதியைப் பிறகு மாற்ற முடியாது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அந்தக் கேள்வி பத்தியாகி, அறிக்கையாகி, குழுவின் கைக்கு வர ஆறு ஆண்டுகள் ஆயின. அதற்குள் அளவெடுத்த இளநிலைப் பொறியாளர் இறந்துவிட்டார், செயற்பொறியாளர் பதவி உயர்ந்து ஓய்வும் பெற்றுவிட்டார். குழு நேரில் பார்க்க வருகிறது என்று தகவல் வந்ததும் அலுவலகத்துக்கு வெள்ளையடித்தோம். சாப்பாட்டுச் செலவுக்கு ஊழியர்களிடம் தலைக்கு இவ்வளவு என்று வசூல். அரசு செலவைக் கண்காணிக்க வருகிறவர்களுக்கான விருந்துக்கு எந்தக் கணக்குத் தலைப்பிலும் பணம் கிடையாது. இதைப் பற்றி எந்தத் தணிக்கையும் எழுதியதில்லை.

குழுவில் பெரும்பாலோர் காரைவிட்டு இறங்கி, ஒரு புகைப்படம் எடுத்துக்கொண்டு, நிழலுக்கு வந்துவிட்டார்கள். எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் மட்டும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கரையோடு நடந்தார். திரும்பி வந்து தலைமைப் பொறியாளரிடம் கேட்டார்:

"இத்தனை ஆயிரம் கனமீட்டர் மண் எடுத்ததாகப் பட்டியல் போட்டிருக்கிறீர்கள். எடுத்த மண் எங்கே?"

"விவசாயிகள் வயலுக்கு எடுத்துப் போய்விட்டார்கள் ஐயா."

"நானும் விவசாயிதான். இவ்வளவு வண்டல் சும்மா கிடைக்கிறது என்றால் நான்கு ஊர் வெட்டிக்கொண்டிருக்கும். ஒரு மனு, ஒரு தகராறு, ஒரு டிராக்டர் வாடகை ரசீது, ஏதாவது காட்டுங்கள்."

செயலாளர் தலைமைப் பொறியாளரைப் பார்த்தார். அவர் கண்காணிப்புப் பொறியாளரைப் பார்த்தார். பார்வை படிப்படியாக இறங்கி என்னிடம் வந்து நின்றது. நான் கோப்பைப் புரட்டுவது போலப் புரட்டினேன்.

தொகையை வசூலிக்க வேண்டும், துறை நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று குழு பரிந்துரைத்தது. பரிந்துரைக்கத்தான் முடியும், தண்டிக்கும் அதிகாரம் குழுவுக்கு இல்லை. செயற்பொறியாளரின் பணிக்கொடையில் கொஞ்சம் பிடித்தார்கள், ஒப்பந்ததாரரின் மகன் வேறு பெயரில் பதிவு செய்துகொண்டு வேலை எடுத்தார். எனக்கு 17(பி) குறிப்பாணை, அதாவது ஒழுங்கு நடவடிக்கைக்கான குற்றச்சாட்டுத் தாள், வந்தது. குற்றச்சாட்டு என்ன தெரியுமா? தணிக்கைக்குப் பதில் அனுப்பியதில் காலதாமதம்! பொய்ப் பதில் எழுதியதற்கு இல்லை, தாமதமாக எழுதியதற்கு. அது முடியும்வரை என் ஓய்வுக்காலப் பலன்கள் இரண்டு ஆண்டுகள் நின்றன. மகள் கல்யாணத்துக்கு வட்டிக்கு வாங்கினேன். இப்போதும் ஆண்டுதோறும் நேர்காணலில் உயிரோடு இருக்கிறேன் என்று நிரூபிக்க வேண்டும். ஆறு ஆண்டு ஒரு பத்தியைத் தூங்கவிட்டவர்கள், நான் அதைச் செய்யத் தவறினால் ஓய்வூதியத்தை நிறுத்திவிடுவார்கள். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், வாயில் வந்துவிட்டது.

ஆகவே பயனே இல்லை என்கிறீர்களா என்றால், அப்படியும் சொல்ல மாட்டேன். அந்த ஆய்வுக்குப் பிறகு எங்கள் கோட்டத்தில் தூர்வாருவதற்கு முந்தைய மட்டத்தை எடுக்காமல் எந்தப் பொறியாளரும் வேலையைத் தொடங்கவில்லை. "மண் எங்கே என்று கேட்டால்?" என்பது அலுவலகத்தில் பழமொழி போல ஆகிவிட்டது. போன பணம் வரவில்லை, அடுத்து போகவிருந்ததில் கொஞ்சம் நின்றது. என் அனுபவத்தில் குழுவால் ஆனது இவ்வளவுதான்.

தலைவர் எதிர்க்கட்சிக்காரராக இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. மக்களவையில் 1967இலிருந்து அந்த மரபு இருக்கிறது. தமிழ்நாட்டில் 2021இல் அமைந்த குழுவுக்கு ஆளுங்கட்சிக் கூட்டணியிலிருந்த காங்கிரஸின் செல்வப்பெருந்தகை தலைவரானார். எதிர்க்கட்சி வரிசை என்றால் எது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். பீகாரில் மாட்டுத்தீவன ஊழல் நடந்த காலத்தில் அங்கே பொதுக் கணக்குக் குழுவின் தலைவராக இருந்த ஜெகதீஷ் சர்மாவே அந்த வழக்கில் 2013இல் தண்டிக்கப்பட்டு எம்.பி. பதவியை இழந்தார். நாற்காலியில் எந்தக் கட்சி என்பதைவிட, கரையில் இறங்கி நடக்கிற ஆள் ஒருவராவது குழுவில் இருக்கிறாரா என்பதைத்தான் நான் பார்ப்பேன். அப்படி நடந்த எங்கள் உறுப்பினர் அடுத்த தேர்தலில் தோற்றுவிட்டார், அது வேறு.

உங்களுக்கு உண்மையிலேயே அக்கறை இருந்தால், உங்கள் மாவட்டத்தின் பெயர் வரும் பத்தியை சி.ஏ.ஜி. அறிக்கையில் தேடிப் பிடியுங்கள். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். குழுவுக்குத் துறை கொடுத்த விளக்கத்தைக் கேட்டால், சட்டமன்ற உரிமை மீறல் என்று மறுக்கக்கூடும். அதனால் அதைக் கேட்காதீர்கள். அந்தப் பணியின் எம் புக் பக்கங்களை மட்டும் கேளுங்கள். கால்வாய் வேலை என்றால், அளவெடுத்த நாளின் கேஜ் பதிவேட்டுப் பக்கத்தையும் சேர்த்துக் கேளுங்கள்.