காப்பிச் சக்கையில் சிப்பிக் காளான்: வாசகர் கேள்விகள்

காப்பிக்கடை அங்கிளிடம் சக்கை வாங்கி, இரண்டு நாள் சேர்த்துவைத்து காளான் வித்து (காளான் இழை பரவிய தானியம்) போட்டேன். பை முழுக்கப் பச்சை பூத்துவிட்டது. ஏன்? (தெம்பனிஸ் வாசகி)

அந்தப் பச்சை, டிரைக்கோடெர்மா என்னும் பூஞ்சை. சேர்த்துவைத்த இரண்டு நாளில் அது குடியேறியிருக்கும். கொதிநீர் ஊற்றி வடித்த கையோடு சக்கையில் கிருமிகள் குறைவு. நம் சிங்கப்பூர் வெக்கையில் ஒரு நாள் தாண்டினாலே பூஞ்சை முந்திக்கொள்ளும். காலையில் வாங்கினால் ஆறவைத்து அன்றைக்கே வித்தைக் கலந்துவிடுங்கள். முடியாதென்றால் ஃப்ரீசரில் வையுங்கள். கிலோவுக்கு 100 முதல் 200 கிராம் வித்து போடலாம். இதில் கஞ்சத்தனம் வேண்டாம், வித்து கூடினால் காளான் சீக்கிரம் பரவும்.

இன்னொன்று, துணிப்பையில் வடித்த சக்கை ஈரத்தோடு அமுங்கினால் இறுகிப்போய் உள்ளே காற்றே நுழையாது. கொதிநீரில் ஊறவைத்துப் பிழிந்த அட்டைத் துண்டுகளையோ வைக்கோலையோ பாதிக்குப் பாதி சேருங்கள். கலவையைக் கையில் இறுக்கிப் பிடித்தால் இரண்டொரு சொட்டு வர வேண்டும். ஒழுகினால் ஈரம் அதிகம். பால் கலந்த மிச்சம் அறவே கூடாது. பச்சை பிடித்த பையை வீட்டுக்குள் பிரிக்காமல் அப்படியே கட்டிக் குப்பையில் போட்டுவிடுங்கள்.

எந்த வகை நம் ஊருக்கு ஒத்துவரும்? (ஜூரோங் வாசகர்)

இளஞ்சிவப்புச் சிப்பி. 30 டிகிரியிலும் முளைக்கும். சாம்பல் வகை அதைவிடக் குளிர்ச்சி கேட்கும். ஆனால் இளஞ்சிவப்பு சீக்கிரம் வாடிவிடும், பறித்த அன்றே சமையுங்கள்.

பாம் ஷெல்ட்டரில் (வீட்டுக்குள் இருக்கும் ஜன்னலில்லாத பாதுகாப்பு அறை) வைத்தேன். காம்பு நீண்டு, குடை பொத்தான் அளவில் நின்றுவிட்டது. (வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டுக்காரர், உட்லண்ட்ஸ்)

வெள்ளை இழை பரவும் இரண்டு மூன்று வாரம் இருட்டு பரவாயில்லை. மொட்டு தெரிந்ததும் காற்றும் வெளிச்சமும் வேண்டும். மூடிய அறையில் காளான் விடும் கரியமில வாயு தேங்குவதால்தான் காம்பு இப்படி நீள்கிறது. வெயில் நேரே படாத சமையலறை ஜன்னலோரம் வையுங்கள். தினமும் இரண்டு மூன்று முறை தண்ணீர் தெளியுங்கள். அடியில் தட்டு வைத்தால் தண்ணீர் தேங்கவிடாதீர்கள், ஏடிஸ் கொசு வந்துவிடும்.

ஒரு முறை பறித்ததும் பையை எறிந்துவிடலாமா? (யீஷூன் வாசகி)

வேண்டாம். சில மணி நேரம் குளிர்ந்த நீரில் ஊறவைத்து வடியுங்கள், மறுபடி வரும். அப்புறம் செடிக்கு உரமாகப் போடலாம்.

அப்பாவுக்கு ஆஸ்துமா. வீட்டில் வளர்க்கலாமா?

முற்றிய காளான் வித்துத்தூளைக் காற்றில் கொட்டும். மூச்சுக் கோளாறு உள்ளவர்களுக்கு அது ஆகாது. மற்ற வீடுகளிலும் குடையின் ஓரம் விரிந்து நிமிரும் முன்பே பறித்துவிட வேண்டும். உங்கள் வீட்டில் வேண்டவே வேண்டாம், கடையில் வாங்கிச் சமைத்துக் கொடுங்கள்.