நறுமண எண்ணெயும் பயிர்ப் பூச்சியும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: வேப்பெண்ணெயும் நறுமண எண்ணெய்தானே? (ஒட்டன்சத்திரம்)

இல்லை. வேப்பெண்ணெய் கொட்டையைப் பிழிந்து எடுப்பது, எளிதில் ஆவியாகாது. எலுமிச்சைப்புல், யூகலிப்டஸ், கிராம்பு போன்றவற்றை நீராவியில் வடித்து எடுப்பதே நறுமண எண்ணெய். வேப்பெண்ணெயை லிட்டருக்கு 30 மில்லி வரை கலக்கிறோம் என்பதற்காக இதையும் அதே கணக்கில் ஊற்றிவிடாதீர்கள்.

கேள்வி: கத்தரியில் எலுமிச்சைப்புல் எண்ணெய் தெளித்ததும் அசுவினி செத்தது, ஒரே வாரத்தில் மறுபடியும் பெருகிவிட்டது. ஏன்? (திண்டிவனம்)

இந்த எண்ணெய் பட்ட பூச்சியைத்தான் கொல்லும். சில மணி நேரத்தில் பெரும்பகுதி ஆவியாகிவிடும். இலையின் அடிப்புறத்தில் தப்பிய சில அசுவினிகள் போதும், ஒரு வாரத்தில் குட்டி போட்டுக் கூட்டமாகிவிடும். மாலையில், அடிப்புறம் நனையும்படி தெளித்து, ஐந்தாறு நாளில் மறுபடியும் தெளிக்கவும்.

கேள்வி: மிளகாயில் இலைப்பேனுக்குக் கிராம்பு எண்ணெய் தெளித்தேன், இலையெல்லாம் கருகிவிட்டது. இயற்கைப் பொருள் எப்படிக் கருக்கும்? (உடுமலை)

எத்தனை மில்லி, எந்த நேரம், எதில் கரைத்தீர்கள் என்ற மூன்றையுமே எழுதாமல் காரணம் கேட்டால் எப்படிச் சொல்வது? இருந்தாலும், மாதத்துக்கு நாலு கடிதமாவது இதே குறையோடு வருவதால் விரிவாகவே சொல்கிறேன். கிராம்பு எண்ணெயின் பெரும்பகுதி யூஜினால். அது பூச்சியின் நரம்பு மண்டலத்தில் ஆக்டோபமைன் என்ற பொருளின் வேலையைக் குலைக்கிறது. முதுகெலும்புள்ள உயிர்களில் அந்தப் பொருளுக்குப் பெரிய பங்கு இல்லாததால் நமக்கு ஆபத்து குறைவு. ஆனால் இலைக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. யூஜினால் இலையின் செல் சவ்வைச் சிதைப்பதால் உள்ளிருக்கும் நீர் கசிந்து இலை காய்கிறது. அதனால்தான் வெளிநாட்டு இயற்கைப் பண்ணைகளில் இதே எண்ணெயைக் களைக்கொல்லியாகவே தெளிக்கிறார்கள். களையைக் கருக்குவது மிளகாயை மட்டும் விட்டுவிடுமா? ‘இயற்கை’ என்று மட்டும் அச்சடித்து, உள்ளே எந்த எண்ணெய் எத்தனை சதவீதம் என்று சொல்லாத புட்டியை வாங்கவே வாங்காதீர்கள். அதை ‘ஒரு மூடி’ என்று அளக்கவும் செய்யாதீர்கள். லிட்டருக்கு 2 மில்லியில் தொடங்கி, 5 மில்லியைத் தாண்டாமல், முதலில் காதி சோப்புக் கரைசலில் நன்றாகக் கலக்கி, பிறகு தண்ணீர் சேர்க்கவும். கிராம்பு எண்ணெய் தண்ணீரைவிடக் கனமானது; கலங்காவிட்டால் தொட்டியின் அடியில் தங்கி, திரண்டு வந்து, அது படும் செடிகளையே கருக்கும். நாலு செடியில் தெளித்து இரண்டு நாள் பார்த்த பிறகே வயலில் இறங்கவும். தெளிப்பது மாலையில் மட்டும்.

கேள்வி: செஞ்சிலந்திக்குக் கந்தகம் அடித்து ஐந்து நாள் ஆகிறது; இப்போது எண்ணெய் தெளிக்கலாமா?

கூடாது. இரண்டு வாரம் பொறுங்கள். அவசரப்பட்டால் இலை கருகும்.

கேள்வி: காய்த்துளைப்பானுக்கு எந்த எண்ணெய் சிறந்தது?

காய்க்குள் போன புழுவை எந்த எண்ணெயும் தொடாது.

கேள்வி: உளுந்தில் வண்டு விழாமல் இருக்க வசம்பு எண்ணெய் கலக்கலாமா? (விழுப்புரம்)

விதைக்கென்று தனியாக வைத்திருக்கும் உளுந்து என்றால் கலக்கலாம். சமைக்கும் உளுந்தில் வேண்டவே வேண்டாம். வசம்பு எண்ணெயில் உள்ள பீட்டா அசரோன் புற்றுநோய் அச்சத்துக்குரியது என்பதால் அமெரிக்காவில் 1968இலேயே உணவில் வசம்பு சேர்ப்பதைத் தடை செய்துவிட்டார்கள். உண்ணும் பயறு என்றால் நன்றாக வெயிலில் காயவைத்து, கிலோவுக்கு 5 மில்லி நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோ சீராகப் புரட்டி, காற்றுப் புகாத டப்பாவில் மூடி வைக்கவும்.