கார் இல்லாமல் வேலைக்குப் போய்வர முடியுமா?

கேள்வி: நாகர்கோவில் மணிமேடைப் பக்கம் ஒரு கடையில் கணக்கு எழுதும் வேலை கிடைத்திருக்கிறது. எங்கள் வீடு திங்கள்சந்தையிலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே. கடைக்கு ஒரு வழி மொத்தம் 18 கிலோமீட்டர் வரும். காலை ஒன்பதரைக்கு அங்கே இருக்க வேண்டும், இரவு எட்டு மணிக்குத்தான் விடுவார்கள். சம்பளம் 19,000 ரூபாய். வளைகுடாவில் இருக்கும் கணவர், ‘லோன் போட்டு ஒரு கார் எடு, மழையில் நனைய வேண்டாம்’ என்கிறார். ஷோரூமில் கேட்டேன். 6 லட்சம் கடனுக்கு 7 வருடம், மாதம் 9,800 ரூபாய் தவணை என்றார்கள். லைசென்ஸ் எடுத்தாயிற்று. கார் எடுக்கலாமா?

பதில்: இந்த வேலைக்காக என்றால் எடுக்காதீர்கள். உங்கள் கணவரின் அக்கறை எனக்குப் புரிகிறது. ஆனால் ஷோரூமில் தவணையை மட்டும்தான் சொல்லியிருக்கிறார்கள். தினமும் 36 கிலோமீட்டர், மாதம் 26 நாள் என்றால் 936 கிலோமீட்டர் ஆகிறது. நம் ரோட்டு நெரிசலில் லிட்டருக்கு 16 கிலோமீட்டர் கிடைத்து, பெட்ரோல் 100 ரூபாய் என்று வைத்தாலும் 5,800 ரூபாய்க்கு மேல். தவணையையும் சேர்த்தால் 15,600 ரூபாய். சம்பளத்தில் மிஞ்சுவது 3,400. அதில்தான் இன்ஷூரன்ஸ், சர்வீஸ், டயர், நிறுத்துமிட வாடகை எல்லாம். மாதம் முழுக்க உழைத்து, அந்த உழைப்புக்குப் போய்வரவே சம்பளம் தீர்ந்துவிடும்.

7 வருடத்தில் நீங்கள் கட்டி முடிப்பது 8,23,200 ரூபாய். வட்டி மட்டும் 2 லட்சத்துக்கு மேல். வண்டியின் மதிப்போ கீழேதான் போகும். இன்ஷூரன்ஸ் கணக்கிலேயே ஒரு வருடம் தாண்டினால் 20 சதவீதமும், நாலு வருடம் தாண்டினால் 50 சதவீதமும் கழித்துவிடுகிறார்கள். தவணை ஓடிக்கொண்டிருக்கும்போதே வண்டி பாதி விலைக்கு வந்துவிடும்.

சரி, பஸ். 2021 மே மாதத்திலிருந்து தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. கண்டக்டர் தரும் கட்டணமில்லாச் சீட்டை மட்டும் இறங்கும்வரை கையில் வைத்திருங்கள். எக்ஸ்பிரஸ், இடையில் நிற்காத என்ட் டு என்ட் பஸ்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. அதனால் ‘எத்தனை பஸ் போகிறது’ என்று கேட்பதைவிட, நீங்கள் கிளம்பும் நேரத்தில் வருவது எந்த வகை பஸ் என்று கேளுங்கள். காலையில் ஒரு சாதாரண பஸ்ஸை விட்டு அடுத்ததற்கு நிற்க நேரம் இல்லாமல் எக்ஸ்பிரஸில் ஏறினால், அந்தக் காசும் மாதக் கணக்கில் சேரும்.

ஒரு மாதம் பஸ்ஸில் போய்ப் பாருங்கள். சின்ன நோட்டு ஒன்று வாங்கி, வீட்டை விட்டு இறங்கிய நேரம், பஸ் வந்த நேரம், உட்கார இடம் கிடைத்ததா, கடைக்கு எத்தனை மணிக்குப் போனீர்கள் என்பதைத் தினமும் எழுதுங்கள். திங்கட்கிழமைக் காலை, மழை கொட்டும் நாள், இரவு எட்டே காலுக்குத் திரும்பும் நேரம், இந்த மூன்றையும் கட்டாயம் எழுத வேண்டும். நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு என்பதால் மழை நாளை ஏதோ ஒரு நாள் என்று தள்ள முடியாது.

நான் மார்த்தாண்டத்திலிருந்து நாகர்கோவிலுக்கு பதினோரு வருடம் பஸ்ஸில் போய்வந்தவள். சாயங்காலம் நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்டில் பஸ் வந்து நிற்பதற்குள் சன்னல் வழியே கைக்குட்டையும் குடையும் உள்ளே விழும். எனக்குக் கூட்டத்தில் முண்டியடித்து ஏறத் தெரியாது. தினமும் அதே நேரத்துக்கு வரும் ஒரு அக்கா, தன் பக்கத்து சீட்டில் ஈரக்குடையை வைத்து எனக்காக இடம் பிடித்து வைப்பார். தக்கலை வருவதற்குள் இருவரும் தூங்கிவிடுவோம். ஸ்டியரிங் பிடித்துக்கொண்டு அந்தத் தூக்கம் வாய்க்குமா? ஒரே நேரத்து பஸ்ஸைப் பிடித்தால் துணையும் தானாக அமையும் என்பதை அனுபவத்தில் சொல்கிறேன்.

உங்களுக்கு உண்மையில் சிக்கல், திங்கள்சந்தையிலிருந்து வீட்டுக்குப் போகும் அந்த இரண்டு கிலோமீட்டர்தான். இரவு ஒன்பது மணிக்கு அந்த வழியில் தனியாக நடக்கச் சொல்ல மாட்டேன். பணம் செலவு செய்ய வேண்டியது அங்கேதான். ஊரில் தெரிந்த ஆட்டோக்காரர் ஒருவரிடம் இரவு மட்டும் என்று மாதக் கணக்கில் பேசுங்கள். இல்லையென்றால் பழைய ஸ்கூட்டர் ஒன்றை வாங்கி, பகலில் பஸ் ஸ்டாண்ட் பக்கம் காசு கொடுத்து நிறுத்துங்கள். கார் லைசென்ஸ் ஸ்கூட்டருக்குச் செல்லாது, இரு சக்கர வாகனமும் அதில் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

பழைய வண்டி வாங்கும்போது ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எஞ்சின், சேசிஸ் எண்களை வண்டியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கட்டாத அபராதம் இருக்கிறதா என்பதை அரசின் பரிவாகன் இணையதளத்தில் பார்க்கலாம். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் விற்பவர் கையெழுத்து வாங்காமல் முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள். வாங்கிய 14 நாளுக்குள் இன்ஷூரன்ஸையும் உங்கள் பெயருக்கு மாற்ற எழுதிக் கொடுங்கள். இதை நிறையப் பேர் மறந்துவிட்டு, வண்டி இடிபட்ட பிறகு வந்து நிற்கிறார்கள்.

கல்யாணம், ஆஸ்பத்திரி என்றால் அன்றைக்கு வாடகைக் கார் எடுத்துக்கொள்ளலாம்.

கேள்வி: குழித்துறையிலிருந்து தினமும் திருவனந்தபுரம் போகிறேன். ரயில் சீசன் டிக்கெட் நல்லதா, களியக்காவிளையில் பஸ் மாறிப் போவது நல்லதா?

பதில்: வேலை நேரம் ரயில் நேரத்தோடு ஒத்துப்போனால் ரயில்தான். தினமும் தனித்தனியாகச் சீட்டு எடுத்தால் ஆகும் தொகையில் பாதிகூட சீசனுக்கு ஆகாது. மூன்று மாதத்துக்கு எடுத்தால் இன்னும் லாபம். பஸ்ஸில் நெய்யாற்றின்கரையும் பாலராமபுரமும் தாண்டுவதற்குள் அரை நாள் அலுப்பு வந்துவிடும்.

சீசன் எடுக்கும்போது எந்த ஸ்டேஷன் வரை என்பதை யோசித்துச் சொல்லுங்கள். அலுவலகம் தம்பானூர் பக்கம் என்றால் திருவனந்தபுரம் சென்ட்ரல் போதும். டெக்னோபார்க் என்றால் கழக்கூட்டம் வரை எடுங்கள், இல்லாவிட்டால் சென்ட்ரலுக்கு அப்பால் சீட்டில்லாத பயணி ஆகிவிடுவீர்கள். சூப்பர்ஃபாஸ்ட் ரயிலில் ஏறுவதென்றால் அதற்கான கூடுதல் கட்டணமும் கட்டியிருக்க வேண்டும். முன்பதிவுப் பெட்டியில் இடம் காலியாகக் கிடந்தாலும் ஏறாதீர்கள். சீசன்காரர்கள் ஏறலாம் என்று அறிவித்த பெட்டிகளில் மட்டும் ஏறலாம்.

குழித்துறை ஸ்டேஷன், பக்கத்து மார்த்தாண்டம் பஸ் ஸ்டாண்டை ஒட்டி இல்லை. அதனால் ஸ்டேஷனுக்கு ஆகும் ஆட்டோச் செலவையும் கணக்கில் சேருங்கள். அதைச் சேர்த்தும் ரயில் மலிவாக வந்தால் தயங்க வேண்டாம்.

கேள்வி: என் மாதச் சீசன் டிக்கெட் தொலைந்துவிட்டது. இன்னும் 19 நாள் பாக்கி. நகல் தருவார்களா?

பதில்: தரமாட்டார்கள், பணமும் திரும்பாது. புதிதாகத்தான் எடுக்க வேண்டும். இந்த முறை ரயில்வேயின் ரயில்ஒன் செயலியில் எடுங்கள், காகிதத்தைப் பத்திரப்படுத்தும் வேலை இருக்காது. போனில் சார்ஜ் இருக்கிறதா என்று வீட்டிலிருந்து இறங்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள், அடையாள அட்டையும் பையிலேயே இருக்கட்டும்.