கிராவல் பைக்கில் கிராமப்புற மண்பாதைகளைத் தேடிப் போவது எப்படி?

தார்ச்சாலையில் ஓட்டிப் பழகிவிட்டு இப்போது கிராவல் பைக் (மண், சரளைப் பாதைகளிலும் ஓடும்படி அகல டயர் போட்ட சைக்கிள்) வாங்கியிருக்கிறீர்கள். சுற்றிலும் வயல், காடு, குன்று, ஆற்றங்கரை எல்லாம் கலந்து கிடக்கிறது, வழிகளை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். ஏழெட்டு வருடமாக இதே வேலையாகத் திரிகிறவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் நான் சொதப்பிய கதை. முதல் வருடம் ஒரு செயலி எனக்கு 62 கிலோமீட்டரில் அழகான ஒரு சுற்று போட்டுக் கொடுத்தது. அதில் 11 கிலோமீட்டர் வயல்களுக்கு நடுவே போகும் வண்டித்தடம். இரண்டு நாள் முன்பு மழை பெய்திருந்ததை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. தடத்தில் இறங்கி முந்நூறு மீட்டர் போவதற்குள் டயருக்கும் ஃபிரேமுக்கும் நடுவே களிமண் அடைத்துக்கொண்டு சக்கரம் சுற்றவே மறுத்தது. குச்சியால் நோண்டி எடுப்பேன், பத்தடி உருளும், மறுபடி அடைக்கும். ஒரு கட்டத்தில் பொறுமை போய் பெடலை ஓங்கி மிதித்தேன். பின் கியர் இழுபட்டுச் சக்கரத்துக்குள் போய், அதைத் தாங்கும் ஹேங்கர் முறிந்தது. மீதி தூரத்தைத் தள்ளியும் தோளில் தூக்கியும் கடந்து தார்ச்சாலையைத் தொட மூன்று மணி நேரம் ஆனது. அடுத்த வறண்ட பருவத்தில் அதே 11 கிலோமீட்டரை 35 நிமிடத்தில் முடித்தேன்.

அதனால் ‘இந்த வழி நல்ல வழியா?’ என்று இப்போதெல்லாம் நான் கேட்பதில்லை. எந்த மண், கடைசியாக எப்போது மழை பெய்தது, இந்த இரண்டைத்தான் முதலில் பார்க்கிறேன். களிமண் காய்ந்தால் இறுகி தார்ச்சாலைக்கு ஈடாக ஓடும், நனைந்தால் பசை. மணல் அப்படியே தலைகீழ்: வெயில் காலத்தில் பொலபொலவென்று சக்கரத்தை விழுங்கும், நல்ல மழைக்கு மறுநாள் இறுகிக் கிடக்கும். உடைகல் சரளை கொட்டிய பாதைக்கு மழை பெரிய விஷயமில்லை, தண்ணீர் வடிந்துவிடும். காட்டுப் பாதையில் நிழல் இருப்பதால் வெளியே எல்லாம் காய்ந்த பிறகும் ஈரம் நிற்கும். சருகுக்கு அடியில் வேர் ஒளிந்திருக்கும். ஈரமான வேரின் மேல் கோணலாக ஏறினால் முன்சக்கரம் வழுக்கிவிடும். குன்றின் முகட்டை ஒட்டிப் போகும் தடம்தான் முதலில் காயும், பள்ளத்தில் ஓடையை ஒட்டியது கடைசியில். பல வகை நிலம் கலந்த வட்டாரம் அமைந்தது உங்கள் அதிர்ஷ்டம். மழை விட்டதும் முகடு, காய்ந்த பின் வயல், வெயில் ஏறினால் காடு என்று வருடம் முழுக்க ஏதோ ஒன்று திறந்திருக்கும்.

சரி, வழியைக் கண்டுபிடிப்பது. கொமூட், ரைட் வித் ஜிபிஎஸ் போன்ற வழி போடும் செயலிகள் அடியில் பயன்படுத்துவது பெரும்பாலும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச இணைய வரைபடத்தின் தரவைத்தான். அதை நேரடியாகவே திறந்து பாருங்கள். வண்டித்தடங்களுக்கு அதில் ‘கிரேடு 1’ முதல் ‘கிரேடு 5’ வரை ஒரு தரம் குறிப்பார்கள். 1 என்றால் தளம் போட்டது அல்லது நன்றாக இறுக்கப்பட்டது, 5 என்றால் வெறும் புல்லும் மெத்தென்ற மண்ணும். ஒரு வேடிக்கை, அந்த வரைபடத்தில் தரைவகை ‘கிராவல்’ என்று இருந்தால் பாய்ந்துவிடாதீர்கள். அங்கே அந்தச் சொல் குறிப்பது தண்டவாளத்துக்கு அடியில் கொட்டுவது போன்ற உடைத்த ஜல்லியை. நாம் தேடுவது பெரும்பாலும் ‘ஃபைன் கிராவல்’, ‘கம்பேக்டட்’ என்ற பெயர்களில் இருக்கும். இதையெல்லாம் குறிப்பது தன்னார்வலர்கள். பல தடங்களுக்கு எந்தக் குறிப்பும் இருக்காது, இருந்தாலும் பழையதாக இருக்கலாம்.

அதனால் அடுத்து சாட்டிலைட் படம். அகலமாக, வெளிறி, ஒரே பட்டையாகத் தெரிந்தால் வண்டிகள் அடிக்கடி போகும் பாதை. இரண்டு மெல்லிய கோடும் நடுவில் பச்சையும் என்றால் எப்போதாவது டிராக்டர் போகும். கோடு மங்கி வயலுக்குள் கரைந்தால் அங்கே இப்போது பாதையே இல்லாமல் இருக்கலாம். கூகுள் எர்த்தின் கணினிப் பதிப்பில் பழைய படங்களையும் பார்க்கும் வசதி இருக்கிறது. ஒரே இடத்தை மழைக்காலப் படத்திலும் வறண்ட காலப் படத்திலும் பார்த்தால் எங்கே தண்ணீர் தேங்கும் என்று வீட்டிலிருந்தே தெரிந்துவிடும். இன்னொரு உபாயம், மண்பாதை தார்ச்சாலையில் வந்து சேரும் முனையை ஸ்ட்ரீட் வியூவில் பார்ப்பது. கேமரா வண்டி மண்பாதைக்குள் போயிருக்காது, ஆனால் வாசலில் கேட் இருக்கிறதா, தனியார் நிலம் என்று பலகை வைத்திருக்கிறார்களா, மண் என்ன நிறம் என்று அந்த ஒரு படம் சொல்லிவிடும்.

ஸ்ட்ராவா ஹீட்மேப்பும் உதவும். ஸ்ட்ராவா செயலியில் பதிவு செய்துகொண்டு ஓட்டுகிறவர்கள் அதிகம் போன வழிகளைப் பிரகாசமான கோடாகக் காட்டும் வரைபடம் அது. ஆனால் பிரகாசமாகத் தெரியும் கோடு மவுன்டன் பைக்காரர்கள் குதித்து விளையாடும் இடமாகவும் இருக்கலாம். வெறுமையாக இருக்கும் இடத்தில் இதுவரை யாரும் தேடிப் போகவில்லை, அவ்வளவுதான். எனக்குப் பிடித்த வழிகளில் பாதி அப்படிக் கிடைத்தவை.

தூரத்தை வைத்துத் திட்டம் போடும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். தார்ச்சாலையில் மணிக்கு 25 கிலோமீட்டர் போகிறவருக்கு மண்பாதையில் 15 வந்தாலே நல்ல நாள். 60 கிலோமீட்டர் என்றால் நான்கு மணி நேரம், நின்று வழி பார்ப்பதையும் சேர்த்தால் ஐந்து. ஏற்றத்தைப் பற்றிச் செயலி சொல்லும் எண்ணை அப்படியே நம்பவும் முடியாது. பல உயரத் தரவுகள் சுமார் 30 மீட்டருக்கு ஒரு புள்ளி என்று எடுக்கப்பட்டவை. ஓடையில் சடாரென்று இறங்கி ஏறும் சிறு செங்குத்துகள் அதில் தேய்ந்துபோகும். உங்கள் கால்கள்தான் அதைக் கணக்கெடுக்கும்.

முதல் சில மாதங்களுக்கு, எங்கே நின்றாலும் ஐந்தாறு கிலோமீட்டருக்குள் ஒரு தார்ச்சாலை இருக்கும்படி வழி போடுங்கள். இரண்டு தார்ச்சாலைகளுக்கு நடுவே மண்பாதையால் ஏணிப் படி மாதிரி கோத்துக்கொண்டு போனால், எந்தப் படியிலும் இறங்கி வீட்டுக்குத் திரும்பலாம். புது வழி என்றால் ஏறுவதை மண்பாதையிலும் இறங்குவதைத் தாரிலும் வைத்துக்கொள்வேன். ஏறும்போது வேகம் குறைவு, தப்பானாலும் காலை ஊன்றிவிடலாம். முன்பின் தெரியாத சரளை இறக்கத்தில் அது முடியாது.

ஓட்டும் விதம் பற்றிக் கொஞ்சம். செங்குத்தான சரளையில் எழுந்து நின்று மிதித்தால் பின்சக்கரம் பிடிமானம் இல்லாமல் சுழலும். உட்கார்ந்தபடி உடலை முன்னால் சாய்த்து, சின்ன கியரில் சீராக மிதியுங்கள். திருப்பத்துக்கு முன்பே பிரேக்கை முடித்துவிடுங்கள், திருப்பத்துக்குள் வேண்டாம். மணலில் ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்கப் பிடிக்க விழுவது உறுதி. கையைத் தளர்த்தி, பார்வையைத் தூரத்தில் வைத்து, மிதிப்பதை நிறுத்தாமல் போங்கள். வண்டிகள் ஓடி ஓடிப் பாதை அலையலையாக வரி விழுந்திருந்தால் ஓரத்துக்குப் போங்கள், பெரும்பாலும் அங்கே வரி ஆழம் குறைவு.

டயர் எவ்வளவு அகலம் என்றும் கேட்டிருந்தீர்கள். உங்கள் ஃபிரேம் இடம் கொடுக்கும் அளவுக்கு அகலம், ஆனால் இரு பக்கமும் சேறு வழிய ஐந்தாறு மில்லிமீட்டராவது இடைவெளி விட்டு. கலவையான நிலத்துக்கு 40 முதல் 45 மில்லிமீட்டர் எனக்குச் சரியாக இருக்கிறது. காற்றைத்தான் எல்லோரும் அதிகமாக அடிக்கிறார்கள். சுமார் 70 கிலோ எடையுள்ள எனக்கு ட்யூப்லெஸ்ஸில் 30 பிஎஸ்ஐ பக்கம் போதும். ட்யூப் போட்டு ஓட்டினால் இன்னும் கொஞ்சம் வேண்டும். இல்லாவிட்டால் கல்லில் மோதும்போது ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே ட்யூப் நசுங்கி, பாம்பு கடித்தது போல இரண்டு துளை விழும். கூர்மையான கல் உள்ள வட்டாரம் என்றால் டயரின் பக்கச்சுவர் கனமாக இருக்கட்டும். அமெரிக்காவின் கான்சாஸில் 2006 முதல் நடக்கும் அன்பவுண்ட் பந்தயத்தில் சக்கிமுக்கிக் கல் பலருடைய டயரைக் கிழித்திருக்கிறது. பக்கவாட்டில் நீளமாகக் கிழிந்தால், ட்யூப்லெஸ் டயருக்குள் ஊற்றும் ஓட்டை அடைக்கும் திரவமான சீலன்ட் அதை அடைக்காது. பழைய டயரிலிருந்து வெட்டிய ஒரு துண்டும் ஒரு ட்யூபும் என் பையில் எப்போதும் இருக்கும். அந்த ஹேங்கரும் ஒன்று, சொல்லவே வேண்டாம்.

அப்புறம் மனிதர்கள். வயலுக்கு நடுவே போகும் தடம் யாரோ ஒருவர் வேலை செய்யும் இடம். கேட் மூடியிருந்தால் கடந்ததும் மூடுங்கள், திறந்திருந்தால் அப்படியே விடுங்கள். மாடு, குதிரை எதிரே வந்தால் தூரத்திலேயே வேகத்தைக் குறைத்துப் பேச்சுக் கொடுங்கள். சத்தமில்லாமல் பின்னால் வரும் சைக்கிள்தான் அவற்றை மிரட்டும். நாய் துரத்தினால் நான் இறங்கி, சைக்கிளை எங்களுக்கு நடுவே வைத்துக்கொண்டு நடப்பேன். பெரும்பாலும் அதற்கு ஆர்வம் போய்விடும். வழியில் யாரையாவது பார்த்தால் நின்று கேளுங்கள். ‘இது அந்தப் பக்கம் போகுமா?’ என்று மட்டும் கேட்காமல் ‘இந்த வாரம் இதில் வண்டி போனதா?’ என்றும் கேளுங்கள். எந்தச் செயலியும் தராத பதில் கிடைக்கும்.

ஒவ்வொரு தடவையும் வீடு திரும்பியதும் ஓடிய தடத்தை ஒரு வரைபடத்தில் நிறம் தீட்டி வைக்கிறேன்: எப்போதும் போகலாம் என்றால் பச்சை, காய்ந்தால் மட்டும் என்றால் ஆரஞ்சு, மறுபடி வேண்டாம் என்றால் சிவப்பு. பக்கத்தில் தேதியும் கடைசி மழை எப்போது என்பதும். அந்த 11 கிலோமீட்டர் இப்போது ஆரஞ்சு. அதற்குக் கீழே பழைய சிவப்பு இன்னும் லேசாகத் தெரிகிறது.