கரண்ட் வைத்தால் கால் பலம் பெறுமா?

கேள்வி: அம்மாவுக்கு 62 வயது. தறிக்குழியில் கால் மிதித்தே முழங்கால் மூட்டு தேய்ந்து, மாற்று அறுவை சிகிச்சை செய்து ஐந்து வாரம் ஆகிறது. வீட்டில் டென்ஸ் மெஷினை (தோலில் ஒட்டும் பேட் வழியாக லேசான கரண்ட் கொடுக்கும் கருவி) தினமும் அரை மணி நேரம் மூட்டைச் சுற்றி வைக்கிறோம். வலி குறைகிறது, ஆனால் படியேறினால் கால் நடுங்குகிறது. பேட் ஓரத்தில் தோலும் சிவக்கிறது. ஏன்?
- வாசகி, செல்லூர்

பதில்: மெஷினில் குறையில்லை. டென்ஸ் வலிக்கானது, தசைக்கானது அல்ல. 80 முதல் 100 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு அத்தனை துடிப்பாக, உணர்வு நரம்புகளைத் தூண்டி, வலிச் செய்தி தண்டுவடத்தைத் தாண்டி மேலே போகாமல் மட்டுப்படுத்துகிறது. சுருசுருவென்று இருக்கும், தசை இழுக்காது. இழுக்காத தசை எப்படிப் பலப்படும்?

அம்மாவுக்கு வேண்டியது என்.எம்.இ.எஸ். என்ற தசைத் தூண்டல். பிசியோதெரபிஸ்டிடம் கேளுங்கள். வழக்கமான அளவு: 50 ஹெர்ட்ஸ், ஒவ்வொரு துடிப்பும் 300 மைக்ரோ செகண்ட் நீளம், 10 நொடி கரண்ட், 50 நொடி ஓய்வு, 10 முதல் 15 முறை. ஓய்வைக் குறைத்தால் தசை சீக்கிரம் களைத்து, பாதியிலேயே இழுப்பு தளர்ந்துவிடும். ஒரு பெரிய பேட் தொடையின் மேல் வெளிப்பக்கம். இன்னொன்று முட்டிச்சில்லுக்கு நாலு விரல் மேலே, உட்பக்கத் திரட்சியில். தையல் தழும்பில் ஒட்டாதீர்கள். முழங்காலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, கரண்ட் ஏறும்போது அம்மாவும் அதைக் கீழே அழுத்த வேண்டும். முட்டிச்சில்லு மேலே ஏறுவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். சுருசுருப்போடு நின்றுவிட்டால் அளவு போதவில்லை. சும்மா படுத்திருந்து வாங்கும் கரண்டில் பலன் குறைவு.

உள்ளே உலோகம் இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். இந்தக் கரண்ட் அதைச் சூடாக்காது. சூடாக்குவது ஷார்ட்வேவ் டயதெர்மி என்ற வெப்ப சிகிச்சை, அதுதான் கூடாது.

ஓரம் சிவப்பதற்குப் பெரும்பாலும் காரணம் காய்ந்துபோன பேட். மதுரை வெயிலில் வியர்வைபட்டு ஓரம் பெயர்ந்துவிடும். ஒட்டியிருக்கும் கொஞ்ச இடத்திலேயே கரண்ட் முழுவதும் இறங்கிக் குத்தும். வலிக்குத் தைலம் தேய்த்த காலென்றால் முதலில் சோப்புப் போட்டுக் கழுவித் துடையுங்கள். பேட்டின் பசையில் ஒரு சொட்டுத் தண்ணீர் தடவலாம். பழசானால் மாற்றிவிடுங்கள். கழற்றும் முன் அளவைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள்.

சர்க்கரையால் கால் மரத்திருந்தால் சுடுவதே தெரியாது, புண்ணாகிவிடும். பேஸ்மேக்கர் இருந்தால் இருதய மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. கெண்டைக்கால் திடீரென வீங்கி வலித்தால், ரத்தம் உறைந்திருக்கலாம். கரண்டை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: பூக் கட்டிக் கழுத்து வலிக்கிறது. டென்ஸை ராத்திரி மாட்டிக்கொண்டே தூங்கலாமா?
- வாசகி, உசிலம்பட்டி

பதில்: கூடாது. தூக்கத்தில் பேட் நகர்ந்து தொண்டைப் பக்கம் போனால் ஆபத்து. பிடரிக்குக் கீழே, முதுகெலும்பின் இருபுறமும் ஒட்டி, விழித்திருக்கும்போது 30 நிமிடம் வையுங்கள்.