தாஜ் ஹோட்டல் வளர்ந்த கதை: கேள்வியும் பதிலும்

ஹோட்டல் ஹவுஸ்கீப்பிங்கில் இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். தாஜில் வேலை பார்த்ததில்லை. ஆனால் சென்னையில் இந்தத் தொழிலுக்கு வந்த என் வயதுக்காரர்கள் எல்லோருமே தாஜை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டேதான் வளர்ந்தோம். அதன் வரலாற்றைப் பற்றி நீங்கள் அனுப்பிய கேள்விகளில் எனக்குப் பதில் தெரிந்தவற்றை எடுத்துக்கொண்டேன்.

தஞ்சாவூரிலிருந்து ஒருவர்: அக்கா, வெள்ளைக்காரன் ஹோட்டல்ல உள்ளே விடலைங்கிற கோபத்துலதான் ஜம்ஷெட்ஜி டாடா தாஜைக் கட்டினார்னு சொல்றாங்களே, நிஜமா?

டிரெயினியாக இருந்தபோது எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். அந்த வெள்ளைக்காரன் ஹோட்டல் என்பது வாட்சன்ஸ். இங்கிலாந்தில் வார்த்த இரும்புத் தூண்களையும் உத்திரங்களையும் கப்பலில் கொண்டுவந்து பூட்டிய கட்டடம். 1896-ல் சினிமா முன்னோடிகளான லூமியே சகோதரர்களின் படங்களை இந்தியாவில் முதன்முதலாகத் திரையிட்டதும் அங்கேதான். ஆனால் ஜம்ஷெட்ஜியை வாசலில் தடுத்தார்கள் என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது. வரலாற்றாசிரியர்கள் பலர் அதை ஏற்பதில்லை.

அதே 1896-ல் பம்பாயில் பிளேக் பரவியது. ஜனங்கள் ஊரைக் காலி செய்துகொண்டு ஓடினார்கள், வியாபாரம் படுத்துவிட்டது. வெளியூர்க்காரர்கள் நம்பி வந்து தங்க ஒரு இடம் வேண்டும் என்று, தன் ஊர்மேல் பாசம் உள்ள ஒருவர் நினைத்தார் என்பதுதான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. அவமானத்துக்குப் பழிவாங்கக் கட்டியவர், சாமான் வாங்க அந்த வயதில் தானே ஐரோப்பா முழுக்க அலைந்திருப்பாரா?

அதே ஊர், அவருடைய தங்கை: கட்டடத்தை முன்பக்கம் பின்பக்கமா மாத்திக் கட்டிட்டாங்கன்னு மனசு உடைஞ்சு ஆர்க்கிடெக்ட் குதிச்சுட்டாராமே?

இல்லைம்மா. சீதாராம் கண்டேராவ் வைத்யா, டி.என். மிர்சா இருவரும் வரைந்த கட்டடம் அது. வைத்யா 1900-ல் மலேரியாவில் இறந்துவிட்டார். மிச்சத்தை முடித்தவர் சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேயர். வாசலை ஊர்ப்பக்கம் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது: குதிரை வண்டிகள் அந்தப் பக்கம்தான் வரும், கடலைப் பார்த்த பக்கத்தை அறைகளுக்கு விட்டுவிடலாம். ஹோட்டல் நடத்துகிறவர்களுக்கு இது சட்டென்று புரியும். கடல் தெரியும் அறைக்குத்தானே வாடகை கூட!

சேலத்திலிருந்து: 1903-ல் திறந்த ஹோட்டல் நாடு முழுக்கப் பரவ ஏன் இத்தனை வருஷம் ஆச்சு?

இந்தக் கேள்வி வராதா என்று காத்திருந்தேன். 1903 டிசம்பர் 16-ல் திறந்தார்கள். அடுத்த மே மாதமே ஜம்ஷெட்ஜி ஜெர்மனியில் காலமானார். அதன்பின் ஏறக்குறைய எழுபது வருடம் தாஜ் என்றால் பம்பாயின் அந்த ஒரு ஹோட்டல்தான். முதல் உலகப் போரில் அதை 600 படுக்கை ஆஸ்பத்திரியாக மாற்றினார்கள். எதிரே நிற்கும் கேட்வே ஆஃப் இந்தியா 1924-ல்தான் வந்தது. ஹோட்டல்தான் இருபது வருடம் மூத்தது என்றால் பலர் நம்புவதில்லை. அன்றைக்குப் பெரிய ஹோட்டலுக்குக் கப்பலில் வருகிறவர்கள்தான் வாடிக்கை. அந்தக் கூட்டத்துக்குத் துறைமுகத்துக்கு ஒரு ஹோட்டல் போதும்.

எல்லாம் மாறியது 1970-களில். ஏர் இந்தியாவுக்கு 1971-ல் ஜம்போ விமானம் வந்தது. ஒரே நடையில் முந்நூறு, நானூறு பேர் வந்து இறங்கினார்கள். இறங்கியவர்கள் பம்பாயோடு நிற்கவில்லை, ராஜஸ்தானையும் கோவாவையும் பார்க்கக் கிளம்பினார்கள். அதே 1971-ல் அரசியல் சட்டத்தின் 26-வது திருத்தம், பழைய அரச குடும்பங்களுக்கு அரசு கொடுத்துவந்த மன்னர் மானியத்தை ஒழித்தது. அரண்மனை கையில் இருக்கிறது, அதைப் பராமரிக்கப் பணம் இல்லை என்ற நிலை அரச குடும்பங்களுக்கு. ஜெய்ப்பூர் ராஜா ராம்பாக் அரண்மனையை 1957-லேயே, உதயப்பூர் மகாராணா ஏரி அரண்மனையை 1963-லேயே ஹோட்டலாக்கியிருந்தார்கள். ஆனால் ஹோட்டலைத் தொடங்குவது வேறு, தினம் நடத்துவது வேறு. 1971-ல் ஏரி அரண்மனையும் 1972-ல் ராம்பாக்கும் தாஜிடம் வந்தன. பம்பாயில் பழைய கட்டடத்தை ஒட்டி 1973-ல் டவர் எழுந்தது. 1974-ல் கோவா ஃபோர்ட் அகுவாடாவும், சென்னை நுங்கம்பாக்கத்தில் கோரமண்டலும் திறந்தன. மூன்று நாலு வருடத்தில் ஒரு ஹோட்டல் குழுமமாகிவிட்டது.

அப்போது பொறுப்பில் இருந்தவர் அஜித் கேர்க்கர், 1997 வரை இருந்தார். உள் அலங்காரத்தைக் கவனித்தவர் எலிசபெத் கேர்க்கர். விற்பனையையும் சாப்பாட்டையும் பார்த்தவர் கமேலியா பஞ்சாபி. நட்சத்திர ஹோட்டல் என்றால் கான்டினென்டல் எனும் மேல்நாட்டுச் சாப்பாடும் வடக்கத்திச் சாப்பாடும்தான் என்றிருந்த காலத்தில், அந்தந்த வட்டாரத்து வீட்டுச் சமையலைத் தேடிப்பிடித்து மேஜைக்குக் கொண்டுவந்தார்கள். சென்னை கன்னிமரா ஹோட்டலின் ரெயின்ட்ரீ உணவகத்தில் செட்டிநாட்டுச் சமையல் வந்ததை அந்த வரிசையில்தான் வைக்கிறேன்.

அரண்மனையை ஹோட்டலாக நடத்துவது எவ்வளவு பாடு என்று வெளியே தெரியாது. ஏரி நடுவில் இருக்கும் ஹோட்டலுக்குக் காய்கறியும் சலவைத் துணியும் படகில்தான் போக வேண்டும். நான் சில வருடம் ஒரு பழைய பங்களா ஹோட்டலில் இருந்தேன், பெயர் வேண்டாம். இரண்டடி அகலச் சுண்ணாம்புச் சுவர். குளியலறையே இல்லாத வீட்டில் பிற்பாடு குழாய் பதித்திருந்தார்கள். ஒரு ராத்திரி சுவருக்குள் குழாய் வெடித்து, கீழ் அறையில் கல்யாணத்துக்கு வந்திருந்தவர்களின் பட்டுப்புடவைப் பெட்டி நனைந்துவிட்டது. சுவரை இடிக்கவும் முடியாது. விடிய விடிய வாளியும் துண்டுமாக உட்கார்ந்திருந்தோம்.

மதுரையிலிருந்து: நம்ம பசுமலை ஹோட்டலும் தாஜ் கட்டினதுதானா?

இல்லை. பஞ்சாலை வைத்திருந்த வெள்ளைக்காரக் கம்பெனியின் பங்களா அது. உதகை சவாய் ஹோட்டலும் ஆங்கிலேயர் காலத்துச் சொத்து. சென்னை கன்னிமரா ஸ்பென்சர் கம்பெனியுடையது, 1984-ல் தாஜ் குத்தகைக்கு எடுத்தது. 1890-ல் கவர்னர் கன்னிமரா பிரபுவின் பெயரை அதற்கு வைத்தார்கள். தாஜின் வளர்ச்சியில் பாதி, பிறர் கட்டியதை எடுத்து, கெடுக்காமல் நடத்தியதுதான். இதைக் குறைவாக நினைக்காதீர்கள். இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டியிருந்தால் செலவும் நேரமும் மிச்சம். அப்படிச் செய்யாததால்தான் அந்தக் கட்டடங்களில் பல இன்றைக்கும் நிற்கின்றன.

கோவை, பி.காம் மாணவர்: சொந்தம், குத்தகை, மேனேஜ்மென்ட் கான்ட்ராக்ட், என்ன வித்தியாசம் மேடம்?

சொந்தம் என்றால் நிலம், கட்டடம், கடன், லாபம் எல்லாம் உங்கள் தலையில். குத்தகை என்றால் வாடகை கட்டிவிட்டு மிச்சத்தை எடுத்துக்கொள்ளலாம், ஆனால் ஆள் வராவிட்டாலும் வாடகை நிற்காது. மேனேஜ்மென்ட் கான்ட்ராக்டில் கட்டடமும் முதலீடும் வேறொருவருடையது. ஹோட்டல் கம்பெனி பெயரையும் ஆட்களையும் கொடுத்து நடத்தும், வரும்படியில் ஒரு பங்கும் லாபத்தில் ஒரு பங்கும் கட்டணமாக வாங்கும். அண்மைக் காலத்தில் தாஜின் தாய்க் கம்பெனியான இந்தியன் ஹோட்டல்ஸ் வேகமாக வளர்வது பெரும்பாலும் இந்த வழியில்தான். ஜிஞ்சர், விவாந்தா, கேட்வே எல்லாம் அந்தக் கம்பெனியின் பிராண்டுகள்தான். ஒன்றைக் கவனியுங்கள் தம்பி: கையில் ஒரு செங்கல்கூட இல்லாதபோது விற்கிற ஒரே சரக்கு பெயர். அது கெட்டால் எல்லாம் போச்சு.

வேலூரிலிருந்து: 2008 பயங்கரவாதத் தாக்குதலுக்கு அப்புறம் அந்த ஹோட்டல் எப்படி மீண்டது?

நவம்பர் 26 ராத்திரி நான் டியூட்டியில் இருந்தேன். எங்கள் ஸ்டாஃப் கேண்டீன் டிவி முன்னால் சமையல்காரர்கள், ரூம் பாய்ஸ் எல்லோரும் நின்றுகொண்டிருந்தோம். யாரும் சாப்பிடவில்லை. அந்த ஹோட்டலில் மட்டும் விருந்தினரும் ஊழியருமாக 31 பேர் இறந்தார்கள். விருந்தினரைப் பின்கட்டு வழியாக அழைத்துப் போனவர்களில் சமையலறை ஆட்கள் பலர். சமையலறையிலிருந்து எந்த நடை எங்கே போகும், எந்தக் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று ஊழியர்களுக்குத்தான் தெரியும். தெரிந்தவர்கள் ஓடிப்போகாமல் நின்றார்கள். பொது மேலாளர் கரம்பீர் காங் அந்தத் தீயில் மனைவியையும் இரண்டு மகன்களையும் இழந்தார். இழந்தும் அங்கேயே நின்று வேலை பார்த்தார். இதை எழுதும்போதும் எனக்குக் கை நடுங்குகிறது.

டவர் டிசம்பர் 21-லேயே திறந்துவிட்டது. பழைய கட்டடத்தைச் செப்பனிட்டு 2010 ஆகஸ்ட் 15-ல் திறந்தார்கள்.

தரமணி, கேட்டரிங் மாணவி: லக்சுரி லக்சுரிங்கறாங்களே, ஹவுஸ்கீப்பிங்ல அது எங்கே இருக்கு அக்கா?

சாயங்காலம் ஆறு மணிக்கு இருக்கிறது. விருந்தினர் வெளியே போன நேரத்தில் போய்த் திரையை இழுத்து, மேல்விரிப்பை எடுத்து மடித்து, போர்வையின் ஒரு முனையைச் சாய்வாகத் திருப்பி, கட்டிலடியில் செருப்பை வைத்துவிட்டு வருவோம். எந்தப் பக்கத்து முனையைத் திருப்புவது? ரூலில் டெலிபோன் பக்கம் என்று இருக்கும். ஆனால் நீ காலையில் தலையணைப் பள்ளத்தையும் கண்ணாடி வைத்த இடத்தையும் பார்த்து, அவர் படுத்த பக்கத்தைத் திருப்பு. அவருக்கு ஏனென்று தெரியாது, ஆனால் நிம்மதியாகத் தூங்குவார்.

கடைசியாக, பெயர் சொல்லாத ஒருவர்: தங்கிப் பார்க்க வசதியில்லை. சும்மா உள்ளே போய்ப் பார்க்கலாமா?

பம்பாய் போனால் முதல் மாடியில் சீ லவுஞ்சில் டீ குடியுங்கள். விலை அதிகம்தான், ஒரு தடவைக்குப் பரவாயில்லை. ஜன்னல் ஓரம் இடம் கேளுங்கள், கேட்வேயும் படகுகளும் தெரியும். அப்புறம் அந்தப் பெரிய மாடிப்படியை மறக்காமல் நிமிர்ந்து பாருங்கள். அங்கேதான் ஜம்ஷெட்ஜியின் மார்பளவுச் சிலையும் இருக்கிறது.